முறுக்கு டின்னில் நாற்பத்தேழாவது மனு

ஊதித் தின்னுங்க அண்ணாச்சி, ஊதித் தின்னுங்க. பாத்தியளா, சொல்லி வாய மூடல, நாக்கு சுட்டுட்டு. இந்தாங்க, தண்ணி குடிங்க. பைய, பைய. எண்ணெயிலேருந்து வடைய எடுத்து கடைக்காரன் உங்க கையில தந்தான், நீங்க வாயில போட்டுட்டிய. நடுவுல ஒரு நிமிசம் யோசிச்சியளா? யோசிக்கல. உலகத்துல உள்ள அம்புட்டு கஷ்டமும் அந்த யோசிக்காத ஒரு நிமிசத்துலதான் இருக்கு.

என் மடியில இருக்க பொட்டலத்தப் பாருங்க. இதுவும் வடைதான். எப்ப வாங்கினது தெரியுமா? நேத்து. நேத்து பதினோரு மணிக்கு வாங்கினத இன்னைக்குப் பதினோரு மணிக்குத் தின்னுவேன். ஊசிப் போவாதான்னா கேக்கிய? லேசா நூலு விடத்தான் செய்யும். ஆனா நாக்கு சுடாதுல்லா?

நீங்க எதுவரைக்கும்? தென்காசியா? நல்லதாப் போச்சு, நானும் தென்காசிதான். வேலைன்னு ஒண்ணும் இல்ல. போயி ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சுட்டு இதே பஸ்ஸுல திருநெல்வேலிக்குத் திரும்பிருவேன். டெய்லி. இன்னையோட எம்பத்தெட்டு நாளாச்சு. ஏன் தள்ளி உக்காருதிய? கிறுக்கன்னு நினைச்சிட்டியளோ? அப்படி நினைக்கப்படாது. என் பேரு உலகநாதன். தாலுகா ஆபீசுல முப்பத்தொரு வருசம் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. ஒரு ஃபைலை சீக்கிரமா அனுப்பினதும் இல்ல.

சிரிக்காதீங்க. அதுல ஒரு ஞானம் இருக்கு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல, மனு வந்தா அன்னைக்கே எடுத்துப் படிப்பேன். படிச்சா மனசு இளகிரும். எனக்கு இளகின மனசு, அதான் என் பலவீனம். ஓடி ஓடி செஞ்சேன். செய்யச் செய்ய சனம் இன்னும் வருது. அப்புறம் ஒரு தடவை அம்மை போட்டு மூணு மாசம் லீவுல கிடந்தேன். திரும்பி வந்து பாத்தா மேசை மேல ஒரு கட்டு மனு. சரி, மனு போட்டவங்களைக் கூப்பிடுவோம்னு கூப்பிட்டா, முக்காவாசிப் பேரு வரவே இல்ல அண்ணாச்சி! ஒருத்தன் 'இப்ப எதுக்கு சார்'ங்கான். ஒருத்தன் ஊரைவிட்டே போயிட்டான். ஒருத்தன் உலகத்தைவிட்டே போயிட்டான். அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துது. மனுசனோட ஆசைக்கு ஆயுசு தொண்ணூறு நாளு. அதுவரைக்கும் தொடாம வச்சிருந்தா அதுவா அடங்கிரும்.

ஒருத்தர் பக்கத்து வீட்டு வேப்பமரம் சாயுதுன்னு மனு போட்டாரு. நான் தொடவே இல்ல. எழுபத்தஞ்சாவது நாள் மரம் தானா விழுந்துட்டு. பிரச்சினை முடிஞ்சுதா இல்லையா? யாரு மேல விழுந்துன்னு கேக்காதீங்க. அது வேற செக்‌ஷன்.

இவ்வளவு பெரிய விசயத்தை ஆபீசோட விட்டுட்டு வர முடியுமா? ரிட்டயர்டு ஆன மறுநாளே வீட்டுல அமல்படுத்திட்டேன். வீட்டுல யாரு? நானு, என் வீட்டுக்காரி ஆவுடையம்மா, மக வடிவு. மூணே பேருதான். விதியும் மூணுதான். ஒண்ணு, யாருக்கு என்ன ஆசை வந்தாலும் வாயால சொல்லப்படாது, எழுதித் தரணும். ரெண்டு, நான் அதைப் படிக்காம, தேதி ஸ்டாம்பு குத்தி, நம்பர் போட்டு, ஒட்டி, முறுக்கு டின்னுல போட்டுருவேன். மூணு, தொண்ணூறாவது நாள் டின்னைத் தொறந்து படிச்சு, 'இன்னும் வேணுமா'ன்னு கேப்பேன். வேணும்னா செஞ்சுகிடலாம். நான் என்ன கல் நெஞ்சுக்காரனா?

முறுக்கு எங்க வைக்கன்னு ஆவுடை கேட்டா. 'அதுக்கும் ஒரு மனு எழுது'ன்னேன்.

நீங்க நம்ப மாட்டிய, அப்படி ஒரு பலன். மாசி மாசம் ஆவுடை ஒரு மனு போட்டா. வைகாசி கடைசியில தொறந்தா, 'மாவடு வாங்கணும், ஊறுகாய் போட'ன்னு இருக்கு. வைகாசியில ஏது மாவடு? அத்தனையும் பழுத்துட்டு. 'இன்னும் வேணுமா'ன்னேன். உள்ள போயிட்டா. அந்த வருசம் எங்க வீட்டுல ஊறுகாய் ஆசையே இல்ல. வடிவு ஒரு மனு போட்டா. தொறந்தா, 'பல்லு வலிக்கி, டாக்டர்ட்ட போகணும்'. 'இன்னும் போகணுமாம்மா'ன்னேன். வாயைத் தொறந்து காட்டுதா, பல்லே இல்ல! எப்பவோ எடுத்தாச்சாம். 'கோரிக்கை கைவிடப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன்.

அவ கல்யாணமா? அதுக்கும் மனு போட்டா. அது பெண்டிங்ல இருக்கும்போதே கல்யாணம் நடந்துட்டு. எல்லாம் ஆவுடை பாத்த வேலை, அவ ஒரு அவசரக்காரி. மணவறையில தாரை வாத்துக் குடுத்தது நான்தான், அதை இல்லைங்கல. ஆனா ஆபீஸ் கணக்குப்படி அது பரிசீலனையிலதான் இருந்துது. மறுவீடு எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு டின்னைத் தொறந்து, அனுமதி குடுத்து, தபால்ல தூத்துக்குடிக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை அதை ஃபிரேம் போட்டு வச்சிருக்காராம். மரியாதை தெரிஞ்ச பிள்ளை.

எனக்கும் அதே விதிதான், கேட்டியளா? ஒரு சித்திரையில ஃபேன் ரிப்பேராப் போச்சு. வேர்த்து ஊத்துது. கை துறுதுறுங்குது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடணும்னு. அடக்கிட்டேன். எனக்கு நானே ஒரு மனு எழுதி, எனக்கு நானே ஸ்டாம்பு குத்தி, டின்னுல போட்டுட்டேன். ஆவுடை விசிறியோட ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தா. தொறக்கும்போது ஆடி மாசம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்கி. ஃபேன் எதுக்கு? வீட்டுக் கதவையே சாத்த முடியல, பாத்துக்கிடுங்க!

இருங்க, ஆலங்குளம் தாண்டிட்டா? இல்லையா? அப்ப நேரம் இருக்கு. சன்னல் சீட்டை உங்களுக்கு ஏன் விட்டுக் குடுத்தேன்னு அப்புறம் சொல்லுதேன்.

இந்த வருசம் மாசியில ஆவுடை நாப்பத்தேழாவது மனுவைக் கொண்டுவந்தா. நாலா மடிச்ச தாளு. நான் ஸ்டாம்பு குத்தினேன், நம்பர் போட்டேன், பசை தடவினேன். அவ போகாம அங்கேயே நின்னா. சாதாரணமா குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருவா. அன்னைக்கு நிக்கா.

'படிக்கலையா?'ன்னா.

'தொண்ணூறு நாளைக்கு அப்புறம்'னேன்.

'ஒரு தடவை, இதை மட்டும் படிச்சிருங்களேன்.'

'ஒருத்தருக்குத் தளத்திட்டா விதி எதுக்கு ஆவுடை?'

'சரி'ன்னுட்டுப் போயிட்டா.

அதுக்கு அப்புறம் வீட்டுல ஒரு ஒழுங்கு வந்துது பாருங்க! இவ்வளவு நாள் நான் சொன்னது இப்பத்தான் அவளுக்கு ஏறிச்சுன்னு நினைச்சேன். அடுப்படியில உள்ள எல்லா டின்னுலயும் பேரு எழுதி ஒட்டினா. சீரகம், கடுகு, தொலி உளுந்து. என்னைக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொல்லித் தந்தா. நான் கேக்கவே இல்ல, அவளாத் தந்தா. கேஸ் தீந்தா எந்த நம்பருக்குப் போன் போடணும், என் மாத்திரை எந்த டப்பாவுல இருக்கு, மிளகா ஒத்துக்கிடாதுன்னு ஓட்டல்ல மறக்காமச் சொல்லணும், இப்படி. சேலையெல்லாம் மடிச்சுப் பெட்டியில அடுக்கினா. பீரோவுல பாதி காலி. எவ்வளவு இடம்! வாரா வாரம் வந்து, 'இன்னும் எத்தனை நாளு?'ம்பா. நானும் டைரியைப் பாத்து, 'நாப்பத்தி மூணு', 'முப்பத்தாறு'ன்னு சொல்லுவேன். ஒரு மனுதாரர் இப்படி ஆர்வமா விசாரிச்சு நான் பாத்ததே இல்ல.

வைகாசியில தொண்ணூறாவது நாளு வந்துது. காலையில குளிச்சு, சட்டை போட்டு, மேசை முன்னால உக்காந்தேன். பனியன் போட்டுக்கிட்டு நான் டின்னைத் தொறக்க மாட்டேன். எதுத்தாப்புல ஆவுடை நிக்கா. நல்ல சேலை, தலையில பூ, கையில பெட்டி. கோயிலுக்குப் போறாளாக்கும்னு நினைச்சேன். கோயிலுக்குப் பெட்டி எதுக்குன்னு எனக்குத் தோணல.

பிரிச்சுப் படிச்சேன். சத்தமாத்தான் படிக்கணும், அதான் முறை.

'நான் கள்ளியடி விலக்குல எங்க அக்கா கடைக்குப் போயி அங்கேயே இருந்துகிடலாம்னு நினைக்கேன். இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்க ஆளு இல்ல. போகாதன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இருந்துகிடுதேன்.'

இவ்வளவுதான். கீழ அவ கையெழுத்து.

திரும்ப ஒரு தடவை படிச்சேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? கேட்டேன். 'மனுதாரர் இன்னும் இதை விரும்புதாரா?'

'அதை நீங்கதான் சொல்லணும்'னா.

அண்ணாச்சி, அந்த நேரத்துல எனக்கு ஒரு ஆசை வந்துது. என் ஆயுசுல அப்படி ஒரு ஆசை வந்ததில்ல. பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட வரல. 'போகாத ஆவுடை'ன்னு சொல்லணும். அவ கையில இருக்க பெட்டியைப் புடுங்கி வைக்கணும். தொண்டை வரைக்கும் வந்துட்டு.

அங்கதான் நான் யாருன்னு காட்டினேன். மூணு வருசமா ஊறுகாய்க்கும் பல்லுக்கும் விதி பேசினவன், தனக்குன்னு வந்ததும் நினைச்ச ஒடனே செஞ்சா அதுக்குப் பேரு என்ன? வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். ஒரு தாளை எடுத்தேன். 'பெறுநர், உயர்திரு உலகநாதன் அவர்கள்'னு போட்டேன். 'பொருள்: மனைவியைப் போகாதே எனச் சொல்ல அனுமதி கோருதல்.' கீழ ஒத்த வரி, 'போகாத ஆவுடை, நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது.' பேனா வேற சரியா எழுதல. ஒருவழியா எழுதி முடிச்சு, ஸ்டாம்பு குத்தி, நம்பர் நாப்பத்தெட்டுன்னு போட்டு, ஒட்டி, டின்னுல போட்டுட்டு நிமிந்து பாக்கேன்.

அவ இல்ல. தெருவுல ஆட்டோ போற சத்தம் கேக்கு.

நீங்க ஏன் அண்ணாச்சி தலையில கையை வைக்கிய? நாக்கு இன்னும் எரியுதா?

கஷ்டம் இல்லாம இல்ல. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு சத்தம் கிடையாது. ரசம் நானே வைக்கேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா நல்லாருக்குன்னு யார்ட்ட சொல்ல? எல்லா டின்னுலயும் அவ எழுத்து. ஒரு நா சீரகம் எடுக்கப் போயி, 'சீரகம்'னு எழுதியிருந்ததப் பாத்துக்கிட்டே நின்னு அழுதுட்டேன். சீரகத்தைப் பாத்து அழுவானா ஒரு மனுசன்? வடிவு போன் போட்டு, 'அப்பா, போயி அம்மாவைக் கூப்பிடுங்க'ங்கா. 'பெண்டிங்ல இருக்கும்மா'ங்கேன். போனை வச்சிருதா.

அதான் டெய்லி இந்த பஸ்ஸு. கள்ளியடி ஊருக்குப் பிரியுத இடம், அந்த விலக்கு இந்த ரோட்டுலதான் இருக்கு. அவ அக்கா டீக்கடை பஸ் ஸ்டாப்பை ஒட்டியே. ஆவுடைதான் வடை போடுதா. பஸ்ஸு ரெண்டு நிமிசம் நிக்கும். நான் இறங்க மாட்டேன். எம்பத்தெட்டு நாள்ல ஒரு நாள் இறங்கினது கிடையாது! கால் எந்திரிக்கும், நான் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிடுவேன். சன்னல் சீட்டுல யாரையாவது உக்கார வச்சு, அவங்க மறைவுல இருந்து பாத்துக்கிடுவேன். இன்னைக்கு நீங்க. நல்ல அகலமான ஆளா வாச்சிய.

அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. கண்டக்டர்கிட்ட சொல்லி ரெண்டு வடை வாங்கிக்கிடுவேன், அவ்வளவுதான். ஒரு ஆச்சரியம் கேளுங்க. கண்டக்டருக்குத் தார வடையில பச்ச மிளகா கிடக்கு. எனக்கு வார வடையில மட்டும் மிளகாயே இருக்காது. கண்டக்டரும் ஒண்ணும் சொல்லலையாம். இது எப்படின்னு நானும் யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல. எண்ணெயில ஏதும் விசேசம் இருக்குமோ என்னமோ.

இன்னும் ரெண்டே நாளு. தொண்ணூறாவது நாள் டின்னைத் தொறந்து, எனக்கு நானே அனுமதி குடுத்துட்டு, கம்பீரமா இறங்கிப் போயிருவேன். டின்னு இந்தப் பையிலதான் இருக்கு. ஸ்டாம்பும் இருக்கு. வீட்டுல வச்சிட்டு வந்தா மனசு கேக்காம பிரிச்சுருவேனோன்னு கூடவே கொண்டு அலையுதேன். கொஞ்சம் உங்க மடியில வச்சிக்கிடுங்க, காலுல இடிக்கி.

வந்துட்டு, வந்துட்டு. கள்ளியடி விலக்கு. கொஞ்சம் நிமிந்து உக்காருங்க அண்ணாச்சி, தோள் பத்தல. அந்தா, பச்சைச் சேலை, கரண்டியோட நிக்கா பாத்தியளா? அவதான். மெலிஞ்சுட்டா. திரும்புதா. குனிஞ்சுகிடுதேன். நீங்க அவளைப் பாத்துச் சிரிக்காதீங்க, சந்தேகம் வந்துரும்.

வாங்க கண்டக்டர், குடுங்க. என்னது, பொட்டலத்துல தாளு வச்சிருக்கா? பேப்பர்லதான மடிப்பா... ஐயோ. இது அவ எழுத்து. நாலா மடிச்சிருக்கா. இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி, நான் பாக்கல, கண்ணை மூடிக்கிட்டேன். சூட்டோட படிக்கவே கூடாது. அந்தப் பையிலேருந்து ஸ்டாம்பை எடுங்க. தேதி சரியா இருக்கா? ஆவணி பொறந்தாச்சுன்னா தொண்ணூறு நாளுக்குக் கார்த்திகை. பரவாயில்ல, கார்த்திகையில படிச்சுகிடலாம். தாளை இங்க குடுங்க. ஏன் பிரிக்கிய? பிரிக்காதீங்க! அது எனக்கு வந்த மனு! வாயால சொன்னா செல்லாது, முன்னாலயே சொல்லிட்டேன்...

ஒத்த வார்த்தையா? 'இறங்குங்க'ன்னா?

யாரை இறங்கச் சொல்லுதா? நான் இருக்கது அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரியுமா? எல்லா நாளுமா? கண்டக்டர், நீரு ஏன்வே சிரிக்கீரு?

இல்ல அண்ணாச்சி, தப்பா எடுத்துகிடாதீங்க. விதின்னா விதிதான். எம்பத்தெட்டு நாள் பொறுத்தவன் ரெண்டு நாளைக்காகக் கெடுத்துகிட முடியுமா? ஊர் என்ன சொல்லும்? பையைக் குடுங்க. ஏன் சன்னல் பக்கம் கொண்டு போறிய? அண்ணாச்சி. அண்ணாச்சி! ஏ, வெளிய போட்டுட்டியளே! நீரெல்லாம் ஒரு மனுசனாவே! உம்ம நாக்கு சுட்டப்ப தண்ணி குடுத்தவன்வே நானு! டின்னு உருளுது! கண்டக்டர், விசில் அடிச்சிராதீங்க!

அவ எடுக்கா. மூடியைத் தொறக்கா. ஏளா ஆவுடை, தொறக்காத, இன்னும் ரெண்டு நாளு இருக்குளா! கேக்க மாட்டேங்காளே. பிரிச்சுட்டா. நாப்பத்தெட்டாம் நம்பரு. படிக்கா அண்ணாச்சி, நடுரோட்டுல நின்னு, ஒரு முறையும் இல்லாம படிக்கா. முந்தானைய எடுத்துக் கண்ணைத் தொடைக்கா. அழுதாளா சிரிக்காளா, இங்கேருந்து தெரியலையே.

காலை மடக்குங்க, வழி விடுங்க. நல்லா குறிச்சுகிடுங்க, நீங்கதான் சாட்சி. நான் பையை எடுக்கத்தான் இறங்குதேன். ஆசைப்பட்டு இறங்கல.

சீட்டுல இருக்க நேத்து வடையா? அதைத் தூரப் போடுங்க அண்ணாச்சி. அங்க சூடாப் போட்டுக்கிட்டு இருக்கா.